மலிவான மரியாதை: போர் விலங்குகளுக்குச் சூட்டப்படும் வீரப்பட்டம்

போர்க்களத்தில் பயன்பட்ட நாய்களையும் குதிரைகளையும் புறாக்களையும் வீரர்கள் என்று போற்றும் வழக்கம் முதல் உலகப் போரை ஒட்டி வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் அது பதக்கமாகவும் சிலையாகவும் நிலைபெற்றது. இன்று ஒரு ராணுவ நாய் குண்டடி பட்டு இறந்தால் மறுநாளே சமூக ஊடகங்களில் வீரவணக்கம் குவிகிறது. இந்தப் போற்றுதலை எதிர்த்து யாரும் எழுதுவதில்லை. எழுதினால் நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று பெயர் வரும். விலங்கு நாட்டுக்காக உயிரைக் கொடுத்தது, பதக்கம் அதற்கு நாடு செலுத்தும் நன்றி, அந்த நன்றியே படையின் மனிதத்தன்மைக்குச் சான்று என்பதே பரவலான கருத்து. இந்தக் கருத்து வரலாற்றின் முன் நிற்பதில்லை. விலங்குகளுக்குத் தரப்பட்ட மரியாதை, திருப்பி எதையும் கேட்க முடியாதவருக்குத் தரப்பட்ட மரியாதை. கேட்கக் கூடியவர்கள் வந்தபோது அதே படைகள் எப்படி நடந்துகொண்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தாராளத்தின் அளவு புலப்படும். அப்படிக் கேட்டு நின்றவர்களில் பெண்கள் முக்கியமானவர்கள்.

ஷேர் அமி என்ற புறாவின் கதை இந்த வகைக் கதைகளில் மிகவும் புகழ்பெற்றது. 1918 அக்டோபரில் பிரான்சின் ஆர்கான் காட்டில் அமெரிக்காவின் 77ஆம் டிவிஷனைச் சேர்ந்த ஏறத்தாழ 550 பேர், மேஜர் சார்ல்ஸ் விட்டில்சியின் தலைமையில், ஜெர்மானியரால் சுற்றி வளைக்கப்பட்டனர். அக்டோபர் 4 அன்று அவர்கள்மீது அமெரிக்கப் பீரங்கிகளே குண்டு பொழிந்தன. நிறுத்தச் சொல்லி விட்டில்சி புறாவின் காலில் கட்டி அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது என்பதும், அதைக் கொண்டுவந்த ஷேர் அமி மார்பில் குண்டு துளைத்து, ஒரு கால் நரம்பில் தொங்க வந்திறங்கியது என்பதும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லப்படும் கதை. பிரான்ஸ் அதற்குப் போர்ச் சிலுவை வழங்கியது. 1919 ஜூனில் இறந்த அந்தப் பறவை பதப்படுத்தப்பட்டு இன்றும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இக்கதையை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒரு பறவை 194 பேரைக் காப்பாற்றியது என்று படிப்பது வழக்கமான வாசிப்பு. நிவாரணப் படை வந்தபோது தாமாக நடந்து வெளியே வந்தவர்கள் ஏறத்தாழ அத்தனை பேர்தான். சொந்தப் பீரங்கி சொந்தப் படையை அடித்ததை நிறுத்துவதற்கு ஒரு பறவையை நம்ப வேண்டிய நிலையில் படை இருந்தது என்று படிப்பது இன்னொரு வாசிப்பு. முதல் வாசிப்பில் பாராட்டு உண்டு, பொறுப்பு இல்லை. குண்டு எங்கே விழ வேண்டும் என்று குறித்தவர் யார், தவறு எந்த மட்டத்தில் நேர்ந்தது என்ற கேள்விகள் புறாவின் தொங்கும் காலுக்குப் பின்னால் போய் மறைந்துகொள்கின்றன. விட்டில்சியின் முடிவும் அப்படியே மறைந்தது. உயர்ந்த பதக்கம் பெற்ற அவர், 1921 நவம்பரில் பெயர் தெரியாத போர்வீரரின் அடக்கத்தில் கலந்துகொண்ட சில நாட்களில், ஹவானாவுக்குச் சென்ற கப்பலிலிருந்து கடலில் குதித்து இறந்தார். அவர் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்ல முடியாது. புறாவின் கதையைச் சொல்லலாம்.

அந்தச் செய்தியைச் சுமந்தது ஷேர் அமிதான் என்பதற்குப் போர்க்கால ஆவணங்களில் ஐயத்துக்கு இடமில்லாத சான்று கிடையாது என்று அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்களே பின்னாளில் எழுதினார்கள். பறவை ஆணா பெண்ணா என்பதிலும் நெடுநாள் குழப்பம் இருந்தது. படை பெட்டை என்று பதிந்தது; பதப்படுத்தியவர் சேவல் என்றார்; 2021இல் மரபணுச் சோதனை சேவல் என்று முடிவு சொன்னது. பதக்கம் தந்தவர்களுக்குப் பறவையைப்பற்றி இந்த அளவுதான் தெரிந்திருந்தது.

செய்திப் புறா ஏன் பறக்கிறது என்பதிலும் மறைபொருள் ஏதுமில்லை. பழகிய கூட்டிலிருந்து தொலைவுக்குக் கொண்டுபோய் விட்டால் கூட்டுக்கு, துணைக்கு, தீனிக்குத் திரும்பும் இயல்பைப் படை பயன்படுத்திக்கொண்டது. திரும்பும் வழியில் துப்பாக்கிகள் இருந்தது புறாவின் தேர்வல்ல. இப்படிச் சொல்வது புறாவைச் சிறுமைப்படுத்துவதாகச் சிலருக்குத் தோன்றும். குண்டு துளைத்த பிறகும் பறந்த உடலின் வலிமை வியப்புக்குரியதுதான். ஆனால் வீரம் என்பது ஆபத்தை அறிந்து, விலகிக்கொள்ள வழி இருந்தும், விலகாமல் நிற்பதைக் குறிக்குமானால், இங்கே வழியும் இல்லை, அறிவிப்பும் இல்லை. ஆட்டைக் கேட்டா அறுக்கிறார்கள் என்ற பழைய ஏளனம் இங்கே அச்சொட்டாகப் பொருந்தும்.

தனி விலங்கைப் போற்றும் வழக்கம் செய்யும் இன்னொரு வேலை, எண்ணிக்கையை மறைப்பது. முதல் உலகப் போரில் ஏறக்குறைய 80 லட்சம் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கழுதைகளும் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலானவை குண்டில் சாகவில்லை. சேற்றிலும் குளிரிலும் பசியிலும் நோயிலும் இறந்தன. ஆஸ்திரேலியா 1,36,000 குதிரைகளைக் கடல்கடந்து அனுப்பியது. திரும்பியது ஒன்று. சாண்டி என்ற அந்தக் குதிரை, கல்லிப்போலியில் காயம்பட்டு இறந்த மேஜர் ஜெனரல் பிரிட்ஜஸுடையது. மற்றவற்றைக் கொண்டுவரச் செலவும் நோய்த்தடுப்பு விதிகளும் குறுக்கே நின்றன. பல சுடப்பட்டன, பல பிற படைகளுக்கு விற்கப்பட்டன. திரும்பிய ஒரே குதிரையைப் பற்றி நெகிழ்ந்து எழுதப்படும் பக்கங்களில், திரும்பாதவை ஒரு வாக்கியத்தின் அளவே இடம்பெறுவது வழக்கம்.

பிரிட்டன் செய்தது இன்னும் கணக்கானது. போர் முடிந்ததும் தன் குதிரைகளில் பெருந்தொகையை ஐரோப்பாவில் விற்றது. சில இறைச்சிக்குப் போயின, சில ஏருக்குப் போயின. எகிப்தில் மட்டும் ஏறத்தாழ 20,000 குதிரைகள் விற்கப்பட்டன. 1930இல் கணவரின் பணியை முன்னிட்டுக் கெய்ரோவுக்கு வந்த டோரத்தி புரூக், முதுகில் படைமுத்திரை இன்னும் தெரிய, எலும்பும் தோலுமாகக் கல் வண்டி இழுத்துக்கொண்டிருந்த கிழக் குதிரைகளைத் தெருவில் கண்டார். அவை சண்டையிட்டு 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1931இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்கு அவர் எழுதிய கடிதத்துக்குப் பொதுமக்கள் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு அவரால் 5,000 குதிரைகள் வாங்க முடிந்தது. பெரும்பாலானவை வலியின்றி இறப்பதற்கு உதவி செய்வதுதான் அந்த வயதில் அவருக்குச் செய்யக் கூடியதாக இருந்தது. 1934இல் கெய்ரோவில் அவர் நிறுவிய மருத்துவமனை இன்றைய புரூக் அமைப்பின் தொடக்கம். இதில் கவனிக்க வேண்டியது, விற்ற அரசு வாங்கித் திருப்பவில்லை என்பது. கடனை அடைத்தவர் தனி மனிதர்; கடன்பட்டவர் சிலை வைத்தார்.

அதே பிரிட்டன் இரண்டாம் போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் செய்தது வெளிநாட்டில் அதிகம் அறியப்படாதது. வீட்டு விலங்குகளைக் கிராமப்புறத்துக்கு அனுப்புங்கள், முடியாதவர்கள் கொன்றுவிடுவது நல்லது என்று அரசின் ஆதரவுடன் இயங்கிய குழு ஒன்று துண்டறிக்கை வெளியிட்டிருந்தது. குண்டு எதுவும் விழுவதற்கு முன்பே, போர் அறிவிக்கப்பட்ட முதல் வாரத்தில் லண்டனில் மட்டும் சுமார் 4 லட்சம் நாய்களும் பூனைகளும் உரிமையாளர்களாலேயே கொல்லக் கொடுக்கப்பட்டன. கால்நடை மருத்துவமனைகளின் வாசலில் நீண்ட வரிசைகள் நின்றன. அவற்றில் சில மரியா டிக்கின் நடத்திய அறக்கட்டளையைச் சேர்ந்தவை. அந்த அறக்கட்டளைதான் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1943இல், போரில் சேவை செய்த விலங்குகளுக்கு டிக்கின் பதக்கத்தை ஏற்படுத்தியது. அறக்கட்டளையின் ஊழியர்கள் இந்த அழிவை வெறுத்தார்கள் என்பதும் உண்மை. குறை அவர்கள்மீது அல்ல. முன்னெச்சரிக்கை என்ற பெயரில் தன் வீட்டு விலங்குகளை அழித்த அதே சமுதாயம், அதே போருக்குள் விலங்குகளின் வீரத்தைப் பற்றி நெகிழ முடிந்தது என்பதுதான் இங்கே கேள்வி. 1949 வரை 54 விலங்குகள் அப்பதக்கம் பெற்றன. அவற்றில் 32 புறாக்கள், 18 நாய்கள், 3 குதிரைகள், ஒரு பூனை. அந்த ஒரு பூனை, யாங்சி ஆற்றில் சிக்கிய அமெதிஸ்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலில் எலி பிடித்த சைமன், இங்கிலாந்து திரும்பியதும் தனிமைக் காப்பகத்தில் அடைக்கப்பட்டு அங்கேயே இறந்தது.

பதவியும் பட்டமும் கொடுத்தல் இந்த மரியாதையின் மிக வேடிக்கையான பகுதி. வொய்டெக் என்ற கரடி போலந்துப் படையின் 22ஆம் பீரங்கி விநியோகப் பிரிவில் சிப்பாயாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது. அந்தப் பதிவுக்குக் காரணம் அன்பு மட்டும் அன்று. எகிப்திலிருந்து இத்தாலிக்குச் சென்ற பிரிட்டிஷ் கப்பல் செல்லப்பிராணிகளை ஏற்றிக்கொள்ள மறுத்தது. ஆகவே கரடிக்கு எண் கொடுத்தார்கள், பதவி கொடுத்தார்கள், ஆவணம் தயாரானது. 1944இல் இத்தாலியில் நடந்த மோண்டே கசீனோ சண்டையில் அது குண்டுப்பெட்டிகளைச் சுமந்ததாகச் சொல்வார்கள். போர் முடிந்த பின் அந்தச் சிப்பாய் எடின்பரோ மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பப்பட்டு, 1963 டிசம்பரில் இறக்கும்வரை கூண்டுக்குள் வாழ்ந்தது. உண்மையான சிப்பாயாக இருந்திருந்தால் அதைக் கூண்டில் வைத்திருக்க முடியுமா என்பது ஒரு சிறு கேள்விதான். ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

சார்ஜென்ட் ஸ்டப்பியின் கதையில் அந்தச் சார்ஜென்ட் பதவிக்கே அதிகாரப்பூர்வமான ஆவணம் கிடையாது. 1917இல் யேல் பல்கலைக்கழக வளாகத்தில் படைப்பயிற்சி செய்தவர்களோடு ஒட்டிக்கொண்ட தெருநாய் அது. 102ஆம் காலாட்படைப் பிரிவோடு பிரான்ஸ் சென்று, விஷவாயுவை முன்கூட்டியே உணர்ந்து, காயமும் பட்டுத் திரும்பியது. 1921இல், பிரான்சில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கியிருந்த ஜெனரல் ஜான் பெர்ஷிங் அதன் கழுத்தில் தங்கப் பதக்கம் அணிவித்தார். அந்தப் பதக்கமும் படையுடையதல்ல, விலங்குநேயக் கழகம் ஒன்று கொடுத்தது. முன்னாள் படைவீரர் அமைப்பு அதை வாழ்நாள் உறுப்பினராக்கியது.

அதே பெர்ஷிங் 1917இல் வேறு ஒரு வேண்டுகோள் விடுத்தார். பிரான்சில் இருந்த அமெரிக்கப் படைக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்த தொலைபேசி இணைப்பாளர்கள் தேவைப்பட்டனர். பெண்களை அனுப்புங்கள் என்றார். 223 பெண்கள் போனார்கள். சீருடை அணிந்தார்கள், உறுதிமொழி எடுத்தார்கள், படைச்சட்டத்துக்கு உட்பட்டார்கள். போர்க்களத்தின் பெருந்தாக்குதல்களில் கட்டளைகளை அவர்களே இணைத்துக் கொடுத்தார்கள். அவர்களின் தலைவி கிரேஸ் பேங்கருக்கு 1919இல் சிறப்புச் சேவைப் பதக்கமும் கிடைத்தது. ஊர் திரும்பிய பிறகு, நீங்கள் படையினர் அல்லர், ஒப்பந்த ஊழியர்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ வசதி இல்லை, போனஸ் இல்லை, கொடி போர்த்தி அடக்கம் செய்யும் உரிமை இல்லை. அவர்களில் ஒருவரான மெர்ல் எகன் ஆண்டர்சன் ஏறத்தாழ 60 ஆண்டுகள் மனு மேல் மனுவாகப் போட்டார். 1977இல்தான் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அவர்களுக்குப் படைவீரர் நிலையைத் தந்தது. அப்போது உயிரோடு இருந்தவர்கள் வெகு சிலர்.

இந்த இரு வரலாறுகளையும் அடுத்தடுத்து வைப்பது பெண்களை விலங்குகளோடு ஒப்பிடுவதாகாது. ஒப்பிடப்படுவது கொடுப்பவரின் கை. ஸ்டப்பிக்குப் பதக்கம் தந்தால் மறுநாள் அது ஓய்வூதியம் கேட்காது. அதன் சேவைக்காலத்தை யாரும் கணக்கிட வேண்டியதில்லை. பெண்கள் கேட்டதோ உரிமை. அதற்குச் செலவு உண்டு, முன்னுதாரணம் உண்டு. நாளை வேறு பலரும் அதே வாயிலில் வந்து நிற்பார்கள். விலங்குக்கு மரியாதை எளிதாகக் கிடைத்ததும் பெண்ணுக்கு அது தடைபட்டதும் ஒரே காரணத்தால்தான்.

பதக்கத்தைப் பறித்த வரலாறும் இதையே சொல்கிறது. சிசிலியில் 1943 ஜூலையில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக் குழியைத் தாக்கிய சிப்ஸ் என்ற நாய்க்கு வெள்ளி நட்சத்திரமும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் அறிவிக்கப்பட்டன. மனிதருக்கான பதக்கத்தை நாய்க்குத் தருவது காயம்பட்ட சிப்பாய்களை இழிவுபடுத்தும் என்று எதிர்ப்பு எழுந்தது; பதக்கங்கள் திரும்பப் பெறப்பட்டன. சிப்ஸ் கவலைப்படவில்லை. (பார்க்க வந்த தளபதி ஐசன்ஹோவரின் கையைக் கடித்ததாக ஒரு கதை உண்டு.) மேரி வாக்கருக்கு நேர்ந்தது வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அறுவை மருத்துவராக இருந்து, எதிரியின் சிறையில் நான்கு மாதங்கள் இருந்தவர். 1865இல் பெற்ற உயர்ந்த பதக்கத்தை 1917இல் வந்த மறுபரிசீலனை பறித்தது. அவரோடு 900க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவர் பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை. 1919இல் இறக்கும்வரை அணிந்துகொண்டே இருந்தார். அவருக்கு அது 1977இல் மீண்டும் வழங்கப்பட்டது.

அந்த ஆண்டு இன்னொரு குழுவும் அதே வாயிலைத் தட்டித் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் போர்விமானங்களை ஓட்டிய 1,074 பெண்கள் படையில் சேர்க்கப்படாமலேயே படைக்காக வேலை செய்தவர்கள். பணியில் இறந்தவர்கள் 38 பேர். அவர்களுக்கு அடக்கச் செலவு இல்லை, கொடி இல்லை. தோழிகளே பணம் திரட்டிச் சடலத்தை ஊருக்கு அனுப்பினார்கள். அதே காலத்தில் ஒரு நாய்க்குப் பர்ப்பிள் ஹார்ட் தரலாமா வேண்டாமா என்று பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. விவாதம் நடந்ததில் தவறில்லை. எதைக் குறித்து விவாதம் நடக்கவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலும் இந்த முரண் அண்மைக்காலத்தது. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்கக் கோரிய வழக்கில், ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் முன்வைத்த வாதங்களில் ஒன்று, சிப்பாய்களில் பெரும்பாலோர் ஊர்ப்புறப் பின்னணி கொண்ட ஆண்கள், பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்க அவர்கள் இன்னும் மனத்தளவில் தயாராகவில்லை என்பது. 2020 பிப்ரவரி 17 அன்று வழங்கிய தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அதை நிராகரித்தது. உடலியல் வேறுபாட்டைக் காரணம் காட்டிப் பெண்ணை ஒதுக்குவது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்றது. அந்தத் தீர்ப்பு போர்முனைப் பிரிவுகளைத் தொடவில்லை. மருத்துவத்துக்கு வெளியேயுள்ள பல ஆதரவுப் பிரிவுகளுக்கே பொருந்தியது. மான்சி என்ற லேப்ரடார் பெண் நாயை 2015இல் காஷ்மீரின் தங்தார் பகுதியில் ஊடுருவலை முறியடிக்க அனுப்பியபோது, ஊர்ப்புறச் சிப்பாய்களின் மனநிலை எப்படி இருக்கும் என்று யாரும் பிரமாணப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அது தன் பயிற்றுநரோடு இறந்தது. அடுத்த ஆண்டு அதன் பெயர் போர் அறிக்கைகளின் சிறப்புக் குறிப்பில் இடம்பெற்றது. அந்த மரியாதை பெற்ற முதல் இந்திய ராணுவ நாய் அதுவே.

அதே 2015இல்தான் இன்னொரு செய்தியும் வெளியானது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு, ஒரு மாதத்துக்கு மேலாகப் பணிக்குத் தகுதியற்ற நிலையில் இருக்கும் ராணுவ விலங்குகள் வலியின்றிக் கொல்லப்படுகின்றன என்று பதில் வந்தது. அதற்குப் பாதுகாப்புக் காரணமும் செலவும் சொல்லப்பட்டன. எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நடந்தது, கொள்கை மாற்றப்பட்டது. இப்போது மீரட்டில் ஓய்வுபெற்ற நாய்களுக்கு இடம் உண்டு. தத்தெடுக்கவும் அனுமதி உண்டு. வீரப்பட்டம் சூட்டும் வழக்கமும் கொல்லும் வழக்கமும் ஒரே கூரையின்கீழ் நெடுங்காலம் சண்டையின்றி வாழ்ந்தன என்பதை இந்த ஒரே ஆண்டு காட்டுகிறது.

மறுப்புக்கு மறுப்பாக வரும் வாதங்களில் வலுவானது, விலங்குகளுக்கும் துணிவு உண்டு என்பது. இதற்குக் காட்டத்தக்க சிறந்த சான்று கொரியப் போரின் ரெக்லெஸ் என்ற சிறிய பெண் குதிரை. 1953 மார்ச்சில் வேகஸ் என்று அமெரிக்கர் பெயரிட்ட காவல் முனைக்கான சண்டையில், அது ஒரே நாளில் 51 முறை வெடிமருந்தைச் சுமந்து மலையேறியது. பல முறை துணையின்றித் தனியே போய்த் தனியே வந்தது, வரும்போது காயம்பட்டவர்களையும் கொண்டுவந்தது. சுற்றிலும் குண்டு வெடிக்கும்போது ஓடிப்போகாமல் பழகிய தடத்தில் நடக்கும் குதிரையிடம் துணிவு இல்லை என்று சொல்ல யாரும் துணியக் கூடாது. நம்பிக்கையும் பழக்கமும் மனிதர்மீதான பற்றும் அச்சத்தை அடக்கியிருக்கின்றன. அந்தப் பற்று உண்மையானது. ஆனால் அதிலிருந்து வருவது பதக்கத்துக்கான தகுதியல்ல, பயன்படுத்தியவர்மீதான பொறுப்பு. தன்னை நம்பியவரை அந்நம்பிக்கையைக் கொண்டே ஆபத்துக்குள் நடத்திச் சென்றவருக்குக் கடமை கூடுகிறது. ரெக்லெஸ் அமெரிக்கா கொண்டுவரப்பட்டு நன்றாகவே பராமரிக்கப்பட்டது. இந்த வரலாறுகளில் அது நல்ல விதிவிலக்கு. அதை விற்ற கொரியச் சிறுவன், கண்ணிவெடியில் காலிழந்த அக்காவுக்குச் செயற்கைக் கால் வாங்க 250 டாலருக்கு விற்றான் என்பது வீரக்கதையின் அடிக்குறிப்பாகக் கிடக்கிறது. அந்தக் கண்ணிவெடிக்கும் பதக்கம் தந்தவர்களுக்கும் இடையிலான தொலைவு அவ்வளவு பெரிதில்லை.

விலங்கின் பற்றை எந்த அளவுக்குத் திரிக்கலாம் என்பதற்கு எதிர்முனைச் சான்றும் உண்டு. 1941இல் சோவியத் படை பட்டினி போட்ட நாய்களுக்குத் தாங்கிகளின் அடியில் உணவு வைத்துப் பழக்கி, முதுகில் வெடிகுண்டு கட்டி ஜெர்மன் தாங்கிகளை நோக்கி விட்டது. டீசல் நாற்றம் வீசும், அசையாமல் நிற்கும் சொந்தத் தாங்கிகளின் கீழ் பழகிய நாய்கள், பெட்ரோலில் ஓடி வரும் எதிரியின் தாங்கிகளைக் கண்டு மிரண்டன. பல சொந்த அகழிக்கே ஓடி வந்தன. சொந்த வீரர்களே அவற்றைச் சுட வேண்டி வந்தது. இந்த நாய்களுக்கும் வால்கோகிராடில் 2011இல் நினைவுச்சின்னம் எழுந்தது. உணவு கிடைக்கும் என்று ஓடிய ஒரு பசித்த நாய், தாய்நாட்டுக்காக உயிர் துறந்த வீரர் ஆகிவிட்டது. வீரப்பட்டம் என்ற சொல்லின் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு சான்று வேண்டியதில்லை.

விலங்கைப் போற்றுவது மிகப் பழைய வழக்கம், நவீன அரசின் தந்திரமல்ல என்றும் சொல்வார்கள். பழையது என்பது சரி. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், பல்லவர் காலத்து நடுகல் ஒன்று கோவிவன் என்ற நாயைக் குறிக்கிறது. அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல் சொல்கிறது. கதையை வளர்க்கவில்லை, நோக்கம் எதையும் நாய்க்கு ஏற்றவில்லை. கர்நாடகத்தின் ஆதக்கூர்க் கல்வெட்டு இன்னும் வியப்பானது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த காலத்தை ஒட்டி, 949-950இல் எழுந்தது. கங்கப் படைவீரன் மணலேரன் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனிடம் பரிசாகக் கேட்டுப் பெற்ற காளி என்ற நாய் காட்டுப்பன்றியோடு சண்டையிட்டு இறந்தது. அதற்குக் கல் நட்டார்கள், கல்லுக்கு நிலமும் விட்டார்கள். பூசை செய்யாமல் அந்த நிலத்தின் விளைச்சலை உண்பவனுக்குப் பாவம் என்றும் வெட்டினார்கள். அந்த மரியாதை நிலத்தோடு வந்தது, காப்பாற்றும் கடமையோடு வந்தது. ஒரு நாள் விழாவோடு முடியவில்லை. பழமையைச் சான்றாகக் கூப்பிடுவோர் இந்த நிலக்கொடையையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும்.

பட்டமும் கதையும் மக்கள் மனத்தை இளக்கி, இறுதியில் சட்டம் வரச் செய்கின்றன என்ற வாதம் ஓரளவு உண்மை. ஆனால் கால வரிசை அதற்கு எதிராக நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் நாய்களின் வீரத்தைப் பாடாத அமெரிக்கப் பத்திரிகை இல்லை. அந்தப் போரின் நாய்களில் பல, மறுபயிற்சி தரப்பட்டு வீடு திரும்பின. அந்தப் புகழுக்கெல்லாம் பிறகு நடந்த வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்ட சுமார் 4,000 நாய்கள் படையின் உபகரணமாகக் கணக்கிடப்பட்டன. படை வெளியேறியபோது அவை உபரிப் பொருள் என்று கைவிடப்பட்டன அல்லது கொல்லப்பட்டன. நாடு திரும்பியவை 200 அளவில். 1966இல் ஒரு கண்ணை இழந்தும் தன் பயிற்றுநரைக் காத்த நெமோ என்ற நாய், 1967இல் பத்திரிகையாளர் புடைசூழ அமெரிக்கா வந்து இறங்கியது. அதைப் பார்த்துக் கைதட்டியவர்களுக்கு மற்ற 3,800 நினைவுக்கு வராதது அவர்கள் குற்றமல்ல. கைதட்டல் அதற்காகவே அமைந்தது.

சட்டம் வந்தது 2000இல். அதைப் பெற்றுத் தந்தவர்கள் வியட்நாமில் தங்கள் நாய்களை விட்டுவர நேர்ந்த முன்னாள் பயிற்றுநர்கள். அவர்கள் வீரம் என்ற சொல்லோடு நிற்கவில்லை. எத்தனை போயின, எத்தனை வந்தன என்று எண்ணிக் கேட்டார்கள். பணியிலிருந்து விலக்கப்பட்ட நாயைத் தத்துக் கொடுக்க அச்சட்டம் வழி செய்தது. சட்டத்துக்குப் பெயர் தந்த ராபி என்ற நாய் அதன் பயனை அடையவில்லை. தத்துப் போவதற்கு முன்பே, 2001 தொடக்கத்தில், அதற்கும் ஊசி போடப்பட்டது. அச்சட்டத்தின்படி நாயைத் தத்தெடுப்பவர், அது கடித்தாலோ காயப்படுத்தினாலோ அரசுக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தத்துக்குப் பிந்தைய மருத்துவச் செலவும் தத்தெடுத்தவருடையதே.